லீவர் துப்பாக்கியும் சிடார் காடும்: மிச்சிகனின் வடக்கே ஆறு நாள்

நவம்பர் 14

மாக்கினா பாலத்தில் ஏறும்போது மணி மூன்று. காலையில் டெட்ராய்ட் பக்கத்திலிருந்து கிளம்பி, ஐ-75 சாலையில் நேர் வடக்கே ஏறக்குறைய 290 மைல் வந்திருக்கிறோம். வழியெல்லாம் பிக்கப் வண்டிகள். எந்தப் பெட்ரோல் பங்கில் நிறுத்தினாலும் ஆரஞ்சுத் தொப்பிகள், ஆரஞ்சுச் சட்டைகள். மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் ஒவ்வொரு வருடமும் நவம்பர் 15 அன்று தொடங்கி 30 அன்று முடிகிறது. 15 எந்தக் கிழமையில் வந்தாலும் சரி, தேதி மாறாது. வடக்கே பல ஊர்களில் அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கு முந்தின நாள் பேருந்து நிலையம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கிறது இந்தச் சாலை.

கூட வருபவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக என்னைக் காட்டுக்குக் கூட்டிப் போகிறார். பாலத்தின் நடுவில், கீழே இரண்டு பெரிய ஏரிகளும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே, எட்டு வயதில் அப்பாவோடு இதே இடத்தைப் படகில் கடந்த கதையைச் சொன்னார். பாலம் திறந்தது 1957 நவம்பரில். அதற்கு முன்னால் கார்களைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வேட்டைப் பருவம் வந்தால் மைல் கணக்கில் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமாம். "அப்பா ராத்திரி முழுக்கக் காரிலேயே தூங்கினார். நான் தூங்கவே இல்லை" என்றார்.

அக்கரையில் யு.எஸ்.-2 சாலையோரக் கடையில் பாஸ்டி வாங்கினோம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ருட்டபாகா என்னும் கிழங்கு எல்லாவற்றையும் மாவுக்குள் மடித்துச் சுட்ட பண்டம். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது. சுரங்கத்துக்குள் கையிலேயே வைத்துச் சாப்பிடலாம் என்பதற்காகச் செய்தது, காட்டுக்கும் அதே காரணத்தால் பொருந்துகிறது. நாளை மதியத்துக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

சீனி என்ற சிற்றூரைத் தாண்டி வடக்கே போய், மண்சாலையில் திரும்பினால் அவர்களுடைய கேம்ப். கேம்ப் என்றால் கூடாரம் இல்லை. மரப்பலகை வீடு, விறகு அடுப்பு, ஆறு கட்டில். மின்சாரம் கிடையாது. பெரியவரின் தம்பியும், அந்தத் தம்பியின் பதினைந்து வயதுப் பேத்தியும் எங்களுக்கு முன்பே வந்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். சுவரில் ஒரு நீளப் பலகை. யார், எந்த வருடம், எந்தத் துப்பாக்கியால் மான் அடித்தார்கள் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் வரிகள் புகையில் மங்கிவிட்டன.

சாப்பாட்டுக்குப் பிறகு துப்பாக்கிகளை உறையிலிருந்து எடுத்து, தோட்டா இல்லை என்று ஒவ்வொருவரும் திறந்து காட்டி, மேஜை மேல் வைத்தோம். மூன்று லீவர் துப்பாக்கிகள். சுடும் விசையைச் சுற்றியிருக்கும் லீவர் என்ற கைப்பிடியைக் கீழே இறக்கி மேலே ஏற்றினால், காலித் தோட்டா வெளியேறி அடுத்தது குழலுக்குள் ஏறும். வருடம் முழுக்க நான் காத்திருந்தது இந்த மேஜைக்காகவும்தான்.

பெரியவருடையது வின்செஸ்டர் 94. 1951இல் செய்தது, அவர் அப்பா புதிதாக வாங்கியது. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வந்த துப்பாக்கி இது. அடுத்த வருடமே இதற்கென்று தர்ட்டி-தர்ட்டி தோட்டா வந்தது. புகையில்லா வெடிமருந்தோடு அமெரிக்காவில் வந்த முதல் சிறுகுழல் வேட்டைத் தோட்டா அதுதான். முதல் முப்பது குழலின் விட்டம், அங்குலத்தில் நூறில் முப்பது பங்கு. இரண்டாவது முப்பது அன்றைக்கு அதில் அடைத்த மருந்தின் எடை, கிரெய்ன் என்ற சின்ன எடை அளவில். 1927இல் பத்து லட்சமாவது துப்பாக்கியை அதிபர் கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள். 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடும்வரை எழுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். 1964இல் செலவைக் குறைக்கச் சில பாகங்களை மலிவாகச் செய்யத் தொடங்கினார்கள் என்பதால், அதற்கு முந்தையவற்றுக்கு இன்றும் தனி மதிப்பு. பெரியவருடையதில் கை பிடிக்கும் இடத்தில் கறுப்பு நிறமே போய் இரும்பு வெள்ளியாகப் பளபளக்கிறது. அப்பா கையும் மகன் கையும் சேர்ந்து தேய்த்தது.

தம்பியுடையது சாவேஜ் 99. இதை வடிவமைத்த ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். மற்ற பெரும்பாலான லீவர் துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னால் இருப்பதன் அடியை, அதாவது இடித்தால் வெடிக்கும் இடத்தை, தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் கூர்முனைக் குண்டு ஆபத்து. குண்டின் நுனியைத் தட்டையாகத்தான் வைப்பார்கள். சாவேஜ் தோட்டாக்களைச் சுழலும் உருளையில் அடுக்கினார், கூர்முனைக் குண்டுக்கும் இடம் கிடைத்தது. உள்ளே எத்தனை மிச்சம் என்று காட்ட இடது பக்கம் ஒரு சின்ன ஓட்டை, அதில் எண் தெரியும். தோட்டாவை வெடிக்க வைக்கும் சின்னச் சுத்தியலைக் குதிரை என்பார்கள், வெளியே தெரியும் குதிரை இதில் கிடையாது. என்னைக் கேட்டால் பொறியியலில் மூன்றிலும் இதுதான் மேல். ஆனால் பிரியம் என்பது வேறு.

என்னுடையது மார்லின் 336. 1948இல் வந்த மாதிரி, நான் பழையதாக வாங்கியது. மேல் பக்கம் மூடியிருக்கும், காலித் தோட்டா வலப்பக்கமாகத் தெறிக்கும். அதனால் தொலைநோக்கி பொருத்துவது சுலபம். நான் பொருத்தவில்லை. குழல் நுனியில் ஒரு சின்னப் பித்தளை மணி, பின்னால் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

நவம்பர் 15

நாலரைக்கு எழுந்தோம். காப்பி, முட்டை, ரொட்டி. வெளியே நட்சத்திரங்கள், மூக்கு மரத்துப்போகும் குளிர். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை.

சிவப்பு விளக்கோடு அரை மணி நடந்து, நேற்றே பார்த்து வைத்த ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்தேன். முன்னால் சரிவு, அதற்குக் கீழே சிடார் சதுப்பு. சூரிய உதயம் இன்று 7:44க்கு. அதற்கு அரை மணி முன்னால் இருந்து சுடலாம். அந்த நேரம் வந்ததும் கையுறையைக் கழற்றித் தோட்டாக்களைப் போட்டேன். பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று இருக்கிறது. கட்டைவிரலால் தோட்டாவை அதற்குள் தள்ள வேண்டும். முழுக்கத் தள்ளினால் கதவு விரலைக் கவ்வும். முக்கால்வாசி தள்ளி நிறுத்திவிட்டு அடுத்த தோட்டாவின் மூக்கால் முதல் தோட்டாவைத் தள்ளிவிட வேண்டும். பெரியவர் முதல் வருடம் சொல்லிக்கொடுத்தது இது. ஐந்து போட்டேன். லீவரை மெதுவாகக் கீழே இறக்கி மேலே ஏற்றினேன். எண்ணெய் போட்ட இரும்பு இரும்பின் மேல் வழுக்கும் சத்தம், பழைய வீட்டு நாதாங்கி விழுவது போல முடிவில் ஒரு 'க்ளிக்'. அப்புறம் குதிரையைக் கட்டைவிரலால் பிடித்து, பாதி நிலைக்கு இறக்கி வைத்தேன். லீவர் துப்பாக்கியில் உயிரைக் கையில் பிடித்திருப்பது இந்த ஒரு கணம்தான். குழல் தரையைப் பார்த்திருக்க வேண்டும், கவனம் வேறெங்கும் போகக் கூடாது.

விடிந்தது. முதலில் சிக்கடி என்ற சின்னக் குருவிகள், பின் சிவப்பு அணில். ஏழரைக்குத் தெற்கே எங்கேயோ ஒரு வெடி, கொஞ்ச நேரத்தில் மேற்கே இரண்டு.

பத்து மணி இருக்கும். சதுப்பின் அக்கரையில் ஒரு கலைமான் வெளியே வந்தது. நல்ல கொம்பு, கழுத்து பருத்திருந்தது. இனச்சேர்க்கைக் காலம் என்பதால் மூக்கைத் தரையில் வைத்து ஏதோ பிணையின், அதாவது பெண் மானின், தடத்தை மோந்துகொண்டே போனது. துப்பாக்கியைத் தூக்கினேன். பித்தளை மணி அதன் மார்பு முழுவதையும் மறைத்துவிட்டது. இருநூறு கஜம் இருக்கும். என் தோட்டாவில் இருப்பது 170 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,200 அடி வேகத்தில் கிளம்புவது. நூறு கஜத்துக்குச் சரிசெய்த துப்பாக்கியில் இருநூறு கஜத்தில் எட்டு அங்குலத்துக்கு மேல் இறங்கிவிடும். பட்டால் வயிற்றில் படலாம், காலில் படலாம். இறக்கி வைத்துவிட்டேன்.

இதில் எனக்கு வருத்தம் இல்லை. தொலைநோக்கி வைத்த நவீனத் துப்பாக்கி இருந்திருந்தால் அது சாதாரணத் தூரம். ஆனால் அந்த மானை ஒரு மணி நேரம் முன்பு நான் எங்கே உட்கார்ந்திருந்தால் அறுபது கஜத்தில் பார்த்திருப்பேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். காற்று எந்தப் பக்கம், எந்தச் சிடார் மரத்துக்குப் பின்னால் வழி, தடம் எங்கே வளைகிறது. இந்தத் துப்பாக்கி என்னை யோசிக்க வைத்தது அது. அதற்காகத்தான் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

சாயங்காலம் கேம்ப்புக்கு வந்தால் தம்பியின் மான் கம்பத்தில் தொங்குகிறது. பேத்தி பெருமையோடு சாவேஜின் ஓட்டையைக் காட்டினாள். ஒரே ஒரு எண் குறைந்திருந்தது.

நவம்பர் 16

ஆலங்கட்டி மழை. காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். ஒன்றும் நடமாடவில்லை.

மதியம் பெரியவர் என்னைக் கிங்ஸ்டன் சமவெளிக்குக் கூட்டிப் போனார். கண்ணுக்கு எட்டிய தூரம் மரக்கட்டை அடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைப் பைன் காட்டை மொத்தமாக வெட்டினார்கள், பின்னால் தீ வந்து மண்ணையும் எரித்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தக் காடு திரும்பி வரவில்லை. சாம்பல் நிறக் கட்டைகள் இடுப்பு உயரத்துக்கு நிற்கின்றன, நடுவில் புல்லும் பாசியும். வேறு இடங்களில் வெட்டிய காட்டில் இளங்கன்றுகள் முளைத்து, அதைத் தின்ன மான்கள் வடக்கே பெருகின. இன்று நாங்கள் வேட்டையாடுவது அந்த வெட்டுக்குப் பின் வந்த காட்டில்தான்.

ஊரிலிருந்து அப்பா ஒரு முறை ஃபோனில், "மானைச் சுடறது பாவமில்லையாப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை நின்றது, நிற்கத்தான் வேண்டியிருந்தது. இங்கே நிலைமை வேறு என்று அவருக்குச் சொன்னேன். எத்தனை மான், எந்தப் பகுதி, எந்த வகை என்று மாநிலம் தீர்மானிக்கிறது. உரிமக் கட்டணம் காட்டுக்கே போகிறது. 1937இல் வந்த ஒரு சட்டப்படி நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் செலுத்தும் 11 சதவீத வரியும் வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான். "சரி, வீணாக்காம சாப்பிடுங்க" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 17

இரவு முழுக்கப் பனி. காலையில் நாலு அங்குலம், மாவு போல. பெரியவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு உட்கார வேண்டாம். நடக்கலாம்" என்றார்.

லீவர் துப்பாக்கி எதற்காகச் செய்யப்பட்டது என்பது நடக்கும்போதுதான் தெரிகிறது. தொலைநோக்கி இல்லாத வின்செஸ்டர் ஆறரை பவுண்டு. தட்டையாக இருக்கும், கைப்பிடியோ தோட்டாப் பெட்டியோ வெளியே துருத்தாது. எடை சமமாக நிற்கும் இடத்தில் ஒரு கையால் சுற்றிப் பிடித்தால் விரல்கள் முழுதாக வளைந்து மூடிக்கொள்கின்றன. கிளைகளுக்கு நடுவே குனிந்து போகும்போது எதிலும் மாட்டவில்லை. பெரியவர் அதை ஊன்றுகோல் போல இயல்பாகக் கையில் தொங்கவிட்டு நடந்தார்.

நடை என்றால் நம் நடை இல்லை. மூன்று அடி வைக்க வேண்டும், அப்புறம் ஒரு மரத்தை ஒட்டி நின்றுவிட வேண்டும். நிற்கும் நேரம் நடக்கும் நேரத்தைப்போல ஐந்து மடங்கு. காற்று முகத்தில் அடிக்க வேண்டும். முழு மானைத் தேடக் கூடாது. படுக்கையாக ஒரு கோடு தெரிகிறதா, ஏனென்றால் காட்டில் மரமெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும், முதுகு மட்டும்தான் படுக்கை. ஒரு காது அசைகிறதா, கறுப்பாக ஒரு மூக்கு ஈரமாக மின்னுகிறதா. நான்கு மணி நேரத்தில் நாங்கள் கடந்தது அரை மைல்கூட இருக்காது. இவ்வளவு களைப்பான அரை மைலை நான் நடந்ததில்லை. இவ்வளவு விழித்திருந்ததும் இல்லை.

ஓர் இடத்தில் அவர் நின்றவர் நகரவேயில்லை. நானும் நின்றேன். வெகு நேரம் கழித்துத்தான் தெரிந்தது, முப்பது கஜத்தில் ஒரு பிணையும் இந்த வருடக் குட்டியும். சிடார் இலையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தன. குட்டியின் முதுகில் பனி கரையாமல் கிடந்தது. குளிர்கால ரோமம் அவ்வளவு அடர்த்தி, உடம்புச் சூடு வெளியே வருவதில்லை. பிணை தலையைத் தூக்கி எங்களை நேராகப் பார்த்தது. முன்காலால் தரையை ஒரு தட்டுத் தட்டியது. அப்புறம் வெள்ளை வாலைக் கொடி போலத் தூக்கிக்கொண்டு இரண்டும் போயின. எங்களிடம் இருந்தது கலைமானுக்கான உரிமம். அது இல்லாவிட்டாலும் அந்த இரண்டையும் அவர் சுட்டிருக்க மாட்டார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

திரும்பும் வழியில் குதிரையைச் சத்தமில்லாமல் ஏற்றுவது எப்படி என்று காட்டினார். சும்மா பின்னுக்கு இழுத்தால் 'க்ளிக்' என்று கேட்கும், நாற்பது கஜத்தில் மானுக்கு அது போதும். விசையை லேசாக அழுத்திக்கொண்டே குதிரையைக் கட்டைவிரலால் முழுக்கப் பின்னுக்கு இழுத்து, விசையை விட்டுவிட்டு, அப்புறம் கட்டைவிரலைத் தளர்த்த வேண்டும். கொஞ்சம்கூடச் சத்தம் வராது. தோட்டா இல்லாமல் கேம்ப்பில் உட்கார்ந்து ஐம்பது முறையாவது செய்து பார்த்தேன்.

நவம்பர் 18

இன்று கிடைத்தது.

தனியாகப் போனேன். 15ஆம் தேதி கலைமான் போன சதுப்பின் அக்கரைக்குச் சுற்றிக்கொண்டு போய், காற்றுக்கு எதிராக, நேற்று கற்ற நடையில். ஒன்பது மணிக்குப் புதுத் தடம் ஒன்று வந்து சேர்ந்தது. குளம்பு பதிந்த ஓரம் இன்னும் உதிராமல் கூர்மையாக இருந்தது. அதன் பின்னால் ஒன்றரை மணி நேரம். பீச் மரங்கள் நிற்கும் சின்ன மேட்டில் பனியைக் கிளறிக் காய் பொறுக்கியிருந்த இடத்தில் நின்றேன். நின்று, மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தபோது, விழுந்த மரத்துக்குப் பின்னால் ஒரு படுக்கைக் கோடு.

நான் பார்க்கப் பார்க்க அது மானாக மாறியது. பக்கத்துக்கு மூன்று கிளைக் கொம்பு. ஐம்பத்தைந்து, அறுபது கஜம். தலை மரத்துக்குப் பின்னால் போனபோது குதிரையைச் சத்தமில்லாமல் ஏற்றினேன். அது இரண்டு அடி முன்னால் வந்தது. பித்தளை மணியை முன்காலுக்குப் பின்னால், மார்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைத்தேன். இந்தத் தூரத்தில் மணி மானை மறைக்கவில்லை. மயிரின் நிறம்கூடத் தெரிந்தது.

சுட்ட சத்தம் எனக்குக் கேட்டதாகவே நினைவில்லை. நினைவில் இருப்பது, துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே கை தானாக லீவரை இறக்கி ஏற்றியதும், காலித் தோட்டா பனியில் 'ஸ்ஸ்' என்று அமிழ்ந்ததும்தான். மான் குனிந்து ஓடியது. பத்து நிமிடம் அசையாமல் நின்றேன். அப்புறம் பனியில் இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம். நுரை இருந்தால் நுரையீரல். நாற்பது கஜத்தில் கிடந்தது, உயிர் போயிருந்தது.

முழங்காலிட்டுக் கையை அதன் கழுத்தில் வைத்தேன். சூடாக இருந்தது. என்னால் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. துக்கமா சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகவே வந்தது.

பெரியவர் வெடிச் சத்தம் கேட்டு வந்து சேர்ந்தபோது வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்து, கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, குடலைத் தொடாமல் மார்பெலும்பு வரை. ஆவி எழுந்தது. ஈரலையும் இதயத்தையும் தனிப் பையில் வைத்தேன். குண்டு போன வழியைச் சுற்றிக் கருத்த சதையை இரண்டு விரற்கடை தாராளமாக வெட்டி எறிந்தேன், ஈயத் துணுக்குகள் தங்கியிருக்கும். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கேம்ப் வந்து சேர மூன்று மணி நேரம்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் மாநிலத்தின் இணையப் பக்கத்தில் மானைப் பதிவு செய்தேன். 72 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். அங்கிருந்தே மனைவியிடம் பேசினேன். "மிளகு இருக்குல்ல? சீரகம்? வெங்காயத்தை நல்லா வதக்குங்க, இந்தக் கறியில கொழுப்பே கிடையாது, அடிப்பிடிச்சிடும்" என்றாள். இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, முதுகுக்குள் இருக்கும் மெல்லிய சதையை மிளகு, சீரகம், பூண்டோடு வதக்கினேன். பேத்தி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பி, நாற்பது வருடமாக வெண்ணெயும் உப்பும்தான் போட்டோம் என்று சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெரியவர் பென்சிலை என்னிடம் நீட்டினார். பலகையில் பெயரைத் தமிழிலேயே எழுதச் சொன்னார்.

நவம்பர் 19

வீடு வந்து சேர இரவு ஒன்பது. இறைச்சி ஐஸ் பெட்டியில். நாளை எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும்.

தூங்கப் போகும் முன் துப்பாக்கியைச் சுத்தம் செய்தேன். மார்லினில் லீவரின் ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். லீவர் கையோடு வரும், பின்பக்கப் பூட்டு அப்படியே வழுக்கி வெளியே வரும், அதோடு ஒரு சின்னத் தகடு விழும், அதைத் தொலைத்துவிடக் கூடாது. குழலைப் பின்பக்கமிருந்தே துடைக்கலாம். துணி முதலில் கறுப்பாக வந்தது, பிறகு சாம்பலாக, நாலாவது முறை வெள்ளையாக. பூட்டு இருந்த இடத்தில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் எடுத்து விளக்கில் பார்த்தேன். பீச் இலையின் ஒரு துண்டு, இன்னும் ஈரமாக.